பூனைக்கு எவ்வளவு, எத்தனை வேளை: சாப்பாட்டு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூனை வளர்க்கத் தொடங்கும் பலரும் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை வேளை கொடுக்கணும்?" என்றுதான். அது இரண்டாவது கேள்வி. ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி, அதற்குப் பதில் தெரியாமல் வேளையை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. இரண்டு வேளையாகப் போட்டாலும் ஐந்து வேளையாகப் போட்டாலும் உடம்பில் சேர்வது மொத்தக் கணக்குதான். அதனால் அளவிலிருந்து தொடங்குவோம்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, கண்ணளவில் போடுவது. கிண்ணம் காலியானால் நிரப்புவது, கை எவ்வளவு அள்ளுகிறதோ அவ்வளவு போடுவது. பூனை சின்ன உயிர் என்பதை இங்கே மறந்துவிடுகிறோம். கருத்தடை ஆபரேஷன் செய்யப்பட்டு வீட்டுக்குள்ளேயே வாழும் 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி, அவ்வளவுதான். கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கை நீங்களே மொபைல் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம்: பூனையின் எடையை மூன்று முறை பெருக்குங்கள் (4 × 4 × 4 = 64), வரும் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுங்கள் (8), அதற்கு இன்னொரு முறை வர்க்கமூலம் எடுங்கள் (2.83), அதை 70-ஆல் பெருக்கினால் 198 வரும். சும்மா படுத்திருந்தாலே உடம்புக்குத் தேவைப்படும் கலோரி அது. கருத்தடை செய்த, வளர்ந்த பூனைக்கு அதை 1.2-ஆல் பெருக்கினால் 240 அளவில் வந்து நிற்கும். இது தொடங்குவதற்கான எண் மட்டும்தான். ஓடியாடும் பூனைக்குக் கொஞ்சம் கூடுதலாகவும், நாள் முழுக்கத் தூங்கும் பூனைக்குக் கொஞ்சம் குறைவாகவும் தேவைப்படும்.

இந்த 240 கலோரி உணவில் எவ்வளவு என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். உலர் உணவில் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 350 முதல் 400 கலோரி இருக்கும். அதாவது, அந்தப் பூனைக்கு ஒரு நாள் முழுவதற்கும் 60 முதல் 70 கிராம் போதும். தராசில் போட்டுப் பார்த்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும், ஆமாம், இவ்வளவுதான். 5 கிராம் கூடிப்போனால்கூட ஏறக்குறைய 20 கலோரி, ஒரு நாள் தேவையில் 8 சதவீதம், அது தினமும் சேர்ந்துகொண்டே போகும். கப் வைத்து அளப்பவர்கள் ஒரு நாள் தலைதட்டியும் இன்னொரு நாள் குவித்தும் போடுவதில் இந்த 5 கிராம் சுலபமாகப் போய்விடும். சமையலறைக்கு வாங்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினை அன்றோடு முடிந்தது. பூனைக்காக ஒரு பொருள் வாங்கணும் என்றால் நான் சொல்வது அதைத்தான், விளையாட்டுப் பொருள், மெத்தையெல்லாம் அப்புறம்.

ஈர உணவு வேறு கணக்கு. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் 85 கிராம் பவுச் ஒன்றில் பெரும்பாலும் 60 முதல் 90 கலோரிதான் இருக்கும். ஈர உணவு மட்டுமே கொடுத்தால் 4 கிலோ பூனைக்கு மூன்று முதல் நான்கு பவுச் வரை தேவைப்படும். இரண்டையும் கலந்து கொடுப்பவர்கள்தான் அதிகம், தவறு நடப்பதும் அங்கேதான்: உலர் உணவை முழு அளவுக்குப் போட்டுவிட்டு, பவுச்சை அதற்கு மேல் கூடுதலாகக் கொடுப்பது. பவுச்சில் 70 கலோரி இருந்தால் உலர் உணவை 45 கிராம் அளவுக்குக் குறைத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் அட்டவணையை அப்படியே பின்பற்றுவது இன்னொரு தவறு. அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது பொதுவாக எல்லாப் பூனைகளுக்கும் சேர்த்துப் போட்ட அளவு. 50 முதல் 75 கிராம் என்று இருந்தால் வீட்டுக்குள் வாழும் கருத்தடை செய்த பூனைக்குக் கீழ் அளவிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் ஒன்று, பூனை இப்போது 6 கிலோ இருக்கிறது என்பதற்காக 6 கிலோ வரிசையைப் பார்க்கக் கூடாது. அதன் உடல்வாகுக்கு 4.5 கிலோதான் சரியான எடை என்றால் 4.5 கிலோவுக்கான அளவுதான் கணக்கு. இல்லாவிட்டால் பருமனாக இருப்பதற்குத் தேவையான சாப்பாட்டை நாமே தினமும் அளந்து போட்டுக்கொண்டிருப்போம்.

கருத்தடைக்குப் பிறகும் பழைய அளவையே தொடர்வதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடை ஏறத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். ஆபரேஷனுக்குப் பின் கலோரித் தேவை 20 முதல் 30 சதவீதம் வரை குறைகிறது, பசியோ கூடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போவதால், கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைத்து அது எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சாப்பிடட்டும் என்று விட்டால் எடை ஏறாமல் இருப்பதுதான் ஆச்சரியம். ஆனால் நன்றாக வளரும் பருவத்திலிருக்கும் குட்டிக்கு அளவைக் கடுமையாகக் குறைத்துவிடவும் கூடாது. மருத்துவரிடம் கேட்டு, வாராவாரம் எடை பார்த்துக்கொண்டே சரிசெய்ய வேண்டும்.

கத்துவதெல்லாம் பசி இல்லை

பூனை நம்மை அளவு மீற வைப்பது குரலால்தான். 2009-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாப்பாடு கேட்கும்போது பூனைகள் எழுப்பும் 'பர்ர்ர்' என்ற கரகர ஒலியில் குழந்தையின் அழுகையைப் போன்ற உயர்ந்த ஒலி ஒன்று கலந்திருப்பதைக் கண்டார்கள். பூனை வளர்க்காதவர்கள் காதிலும் அது அவசரமான குரலாகவே விழுந்தது. அதனால் மனம் இளகுவது யாருடைய பலவீனமும் இல்லை. ஆனால் அந்தக் குரல் உண்மையான பசிக்குத்தானா என்பதற்கு அது ஆதாரமும் இல்லை. சலிப்பு, விளையாட ஆள் வேண்டும் என்ற ஆசை, காலையில் நம்மை எழுப்பினால் கிண்ணம் நிரம்பும் என்ற பழக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல்தான். அளந்த உணவைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாமல் கத்தினால் முதலில் பத்து நிமிடம் விளையாடிப் பாருங்கள். விடியற்காலை 4 மணிக்குக் கத்துவதற்கு ஒரு முறை எழுந்து உணவு போட்டால் மறுநாளும் அதே நேரத்துக்கு வரும். நேரம் வைத்துத் தானாகத் திறக்கும் ஃபீடர் இருந்தால் பூனை அந்த மெஷின் பக்கம் போய்க் காத்திருக்கும், உங்களை எழுப்பாது.

சரி, எத்தனை வேளை? வெளியில் வேட்டையாடி வாழும் பூனை ஒரே நேரத்தில் வயிறு முட்டத் தின்பதில்லை. ஒரு எலியில் 30 கலோரி அளவுக்குத்தான் கிடைக்கும் என்பதால் ஒரு நாளில் பல முறை சின்னச் சின்னதாகச் சாப்பிடுகிறது. அதன் வயிறும் சிறியது. அதனால் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது இரண்டு வேளை, வீட்டில் ஆள் இருந்தால் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதுதான் என் பார்வையில் நல்லது. ஒரு வேளையே போதும் என்ற வாதமும் உண்டு. 2020-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வில், ஒரே வேளையாக உணவு பெற்ற பூனைகளிடம் வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஹார்மோன்கள் கூடுதலாக இருந்தன, அதே சமயம் அவற்றின் நடமாட்டம் குறைந்தும் இருந்தது. ஆனால் அது 8 பூனைகளை மட்டும் வைத்துச் செய்தது, அதை வைத்து எல்லோரும் ஒரு வேளைக்கு மாற வேண்டியதில்லை. அவசர அவசரமாக விழுங்கி உடனே வாந்தி எடுக்கும் பூனைக்குச் சின்னச் சின்ன வேளைகள்தான் ஒத்துவரும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பூனைக்கு உணவு நேரத்தை மருத்துவர்தான் ஊசியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குட்டிகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது. 4 மாதம் வரை நான்கு வேளை, 6 மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். எடைக்கு எடை பார்த்தால் பெரிய பூனையைவிட இரண்டு மடங்கு வரைகூட கலோரி தேவைப்படும், எனவே 1 வயது வரை குட்டிகளுக்கான உணவுதான்.

நாள் முழுவதும் கிண்ணத்தில் வைத்திருப்பது தவறா என்றால், சில பூனைகள் தங்கள் அளவை அறிந்து சாப்பிடும், பல பூனைகள் அப்படி இல்லை. வைத்தே ஆக வேண்டிய நிலை என்றால் ஒரு நாளைக்கான உலர் உணவைக் காலையில் நிறுத்து வைத்துவிட்டு, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று இருக்க வேண்டும். ஈர உணவை அப்படி வைக்கவே கூடாது, வெயில் காலத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும்.

ட்ரீட், அதாவது இடையிடையே ஆசைக்குக் கொடுக்கும் தின்பண்டம், கணக்கில் வராது என்று நினைப்பதும் பரவலான தவறு. மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது நம் 4 கிலோ பூனைக்கு 24 கலோரி. 30 கிராம் சீஸ் துண்டில் 120 கலோரி இருக்கும், அது பூனைக்கு அரை நாள் சாப்பாடு! வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் தனித்தனியாகக் "கொஞ்சமாக" கொடுப்பார்கள், அதனால் அன்றைய ட்ரீட்டைக் காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் என்று வைத்துக்கொள்ளலாம். பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். தவிர, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். குடிக்க வேண்டியது தண்ணீர்தான்.

அளவு சரியாக இருந்து உணவே தவறாக இருந்தால் அதுவும் ஆபத்து. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும், அது இயற்கையாக இறைச்சி, மீன் போன்றவற்றில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987-இல், டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை பலமிழந்து இதயம் வீங்கிவிடுகிறது என்று கண்டறிந்தார்கள், கண் பார்வையும் போகும். நாய் உணவைப் பூனைக்குத் தொடர்ந்து போடக் கூடாது என்பதற்கு இது முக்கியக் காரணம். பூனை விரும்புகிறதே என்று மீன் மட்டும், ஈரல் மட்டும் என்று கொடுப்பதும் கூடாது. ஈரல் மட்டுமே தின்றால் வைட்டமின் ஏ அளவு மீறி எலும்புகளைப் பாதிக்கும். வெங்காயமும் பூண்டும் சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும்.

கிண்ணத்தைவிடப் பூனையைப் பாருங்கள்

அளவு சரியா என்று சொல்வது பூனையின் உடம்புதான். விலாவைத் தடவுங்கள். நம் புறங்கையைத் தடவும்போது எலும்பு எப்படித் தட்டுப்படுமோ அப்படித் தட்டுப்பட்டால் நல்ல நிலை. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு லேசாக உள்ளே போக வேண்டும். பின்னங்கால்களுக்கு முன்னால் தொங்கும் தோலை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒல்லியான பூனைகளுக்கும் அது இருக்கும். மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் நின்று, அப்புறம் தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

எடை கூடிவிட்டது தெரிந்ததும் பதறிப்போய் உணவைப் பாதியாக வெட்டுவதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் தவறுகளிலேயே ஆபத்தானது. பூனையின் உடம்பு பட்டினியைத் தாங்காது. சாப்பாடு நின்றால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்க் குவிந்து ஈரலையே செயலிழக்க வைக்கும், பருமனான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் அளவுக்குக் குறைந்தால் போதும். 6 கிலோ பூனை என்றால் வாரம் 60 கிராம், மெதுவாகத்தான் நடக்கும், மருத்துவர் சொல்லும் அளவில்தான் நடக்க வேண்டும். "இந்த உணவைத் தின்னாவிட்டால் பட்டினி கிட, பசித்தால் தானாகத் தின்பாய்" என்ற பிடிவாதமும் பூனையிடம் வேண்டாம். புது உணவுக்கு மாறுவதானால் பழையதோடு கலந்து 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

இரண்டு மூன்று பூனைகள் இருக்கும் வீட்டில் ஒரே தட்டு வைத்தால் எது எவ்வளவு சாப்பிட்டது என்றே தெரியாது. பயந்த பூனை ஒதுங்கிவிடும், மற்றது அதன் பங்கையும் தின்னும். தனித்தனித் தட்டு, முடிந்தால் தனித்தனி அறை.

10 வயதைத் தாண்டிய பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு அதிகம் சுரப்பது, சர்க்கரை நோய் இரண்டுமே அப்படித்தான் தலைகாட்டும். எந்த வயதுப் பூனையானாலும் ஒரு நாள் முழுக்க எதையுமே தொடவில்லை என்றால் இரண்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், குட்டியென்றால் அவ்வளவு நேரம்கூட வேண்டாம். போகும்போது என்ன உணவு, எத்தனை கிராம், கடைசியாக எப்போது சாப்பிட்டது, போன மாத எடை என்ன என்று எழுதி எடுத்துப்போனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் தயாராக இருக்கும்.