பார்ட்டி வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்தநாள் பார்ட்டியைப் பிள்ளையே திட்டமிட்டால் பணக்கணக்கு, நேரக்கணக்கு, எது முதலில் என்ற தெளிவு எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். பார்ட்டியும் நன்றாகவே நடக்கும். அடுத்த மாதம் பள்ளி ப்ராஜெக்ட் வரும்போது அதே பிள்ளை கடைசி ராத்திரியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்.

இதில் ஆச்சரியம் இல்லை. மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரு உளவியலாளர்கள் 1980இல் இதைச் சோதித்தார்கள். படையைப் பல குழுக்களாகப் பிரித்து, பல வழிகளில் அனுப்பிக் கோட்டையைப் பிடித்த தளபதியின் கதையை முதலில் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு, சுற்றியுள்ள திசுவைக் கெடுக்காமல் கட்டியை மட்டும் கதிர்களால் அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். படையைப் போலவே, வலுக்குறைந்த கதிர்களைப் பல திசைகளிலிருந்து அனுப்பிக் கட்டியில் ஒன்றுசேர வைக்க வேண்டும். விடை கதையிலேயே இருந்தும் பெரும்பாலோருக்கு அது தோன்றவில்லை. 'அந்தக் கதை உதவும்' என்று சொன்ன பிறகுதான் பலருக்குப் பிடிபட்டது. ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை.

சரி, நாம் எங்கே கோட்டை விடுகிறோம்? பலூன் நிறத்தையும் பாட்டையும் பிள்ளையிடம் விட்டுவிட்டு, எத்தனை பேர், எந்த நாள், எவ்வளவு பணம் என்பதை நாமே முடிவு செய்துவிடுகிறோம். மூளைக்கு வேலை வைப்பதே அந்த மூன்றும்தான். நிறம் தேர்ந்தெடுப்பது ரசனை, அவ்வளவுதான்.

அடுத்தது, வேலைகளை வெறும் பட்டியலாக எழுத வைப்பது. பட்டியலில் எல்லா வேலையும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் ஆள் கணக்கு தெரியாமல் சாப்பாடு சொல்ல முடியாது. அழைப்புக்குப் பதில் வராமல் ஆள் கணக்கு தெரியாது. நாளும் இடமும் முடிவாகாமல் அழைப்பே அனுப்ப முடியாது. 'இதைச் செய்ய முதலில் எது முடிந்திருக்க வேண்டும்?' என்று பார்ட்டி நாளிலிருந்து பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே வந்தால், இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை எது என்று தெரிந்துவிடும்.

பணத்தில் வேறொரு சறுக்கல் உண்டு. இருபது பேர் முப்பது பேரானால் மொத்தச் செலவும் ஒன்றரை மடங்காகும் என்று பிள்ளை கணக்குப் போடும். சாப்பாட்டுக்கு அது சரி. அலங்காரத்துக்கு அப்படி இல்லை, ஸ்பீக்கர் வாடகைக்கு நிச்சயமாக இல்லை. ஆளுக்கு ஆள் ஏறும் செலவு ஒரு பக்கம், யார் வந்தாலும் மாறாத செலவு மறுபக்கம் என்று தாளின் நடுவில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இதை உடனே திருத்திவிடாமல், கோடு போட்ட பிறகு அவர்களே கண்டுபிடிக்க விடுவது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை பெரியவர்களும் தேறுவதில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. அதனால் 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'போன தடவை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆச்சு?' என்று கேளுங்கள்.

குளறுபடி ஆனதும் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்துவதும் தவறுதான். மெழுகுவத்தி வாங்க மறந்துவிட்டார்களா? மறந்ததாகவே இருக்கட்டும். அடிபடுகிற விஷயத்திலும், திரும்ப வராத பணத்திலும் மட்டும் குறுக்கிடலாம்.

எல்லாம் முடிந்த பிறகு பேசாமல் விட்டுவிடுவதுதான் பெரிய தவறு என்பேன். அன்று ராத்திரியே பேச வேண்டாம், களைப்பில் யார் காதிலும் ஏறாது. ப்ராஜெக்ட் அறிவிப்பு வருகிற நாள்தான் சரியான நேரம். பார்ட்டிக்கு எழுதிய அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'இதில் அழைப்பிதழ் மாதிரி முதலில் முடிக்க வேண்டியது எது?' என்று கேட்டால் போதும்.