வேற்று உலோகங்களை இணைக்கும் போல்ட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த இருவர், துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொருத்த வேண்டிய சாதாரண எஃகு போல்ட்டுகளுக்கு மட்டும் மிகுந்த அக்கறையோடு எப்பாக்சி பூசிக்கொண்டிருந்ததை அண்மையில் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் இதே வேலையை இதே அக்கறையோடு செய்து நட்டப்பட்டவன் நான். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, அவற்றின்மேல் உப்பு கலந்த ஈரமும் படிந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகும் என்பதும், வினைத்திறன் மிகுந்த உலோகமே அரிபடும் என்பதும் பள்ளியிலேயே படித்தவை. அவற்றைத் தாண்டித் தொடங்குகிறேன்.

அரிபடும் உலோகத்துக்கு மட்டும் பூச்சு கொடுத்தல்

கடல்நீர் தேக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி ஒன்றின் உட்புறத்தில் தாங்கிகளைப் பொருத்த, கையிருப்பில் இருந்த சாதாரண எஃகு போல்ட்டுகளை எடுத்தேன். துருப்பிடிக்கப்போவது போல்ட்தானே என்று எண்ணி, அதற்கு இரண்டு பூச்சு கொடுத்துவிட்டுத் தொட்டிச் சுவரை வெறுமையாக விட்டேன். சில மாதங்கள் கழித்து நீரை வடித்துப் பார்த்தபோது பூச்சு பெரும்பாலும் பளபளப்பாகவே இருந்தது. முறுக்கும்போது ஸ்பேனர் பட்டுச் சிராய்ந்த இடங்களில் மட்டும் ஊசி குத்தியதுபோன்ற துளைகள் தெரிந்தன. ஸ்பேனரை வைத்துத் திருப்பியதும் போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. தொட்டியை நிறுத்தி, எல்லாப் போல்ட்டுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. பூசாமலே விட்டிருந்தால் துருவாவது கண்ணில் பட்டிருக்கும் என்ற எரிச்சல் இன்றும் தீரவில்லை.

நடந்தது இதுதான். வெறுமையாக இருக்கும் சுவரின் பரப்பெங்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அத்தனை எலக்ட்ரான்களையும் தர வேண்டிய சுமை, பூச்சு விட்டுப்போன அந்த ஒரு கீறலின் தலையில் விழுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் கீறலைச் சுற்றி 100 சதுர சென்டிமீட்டர் சுவர் பங்கேற்றாலே பரப்பு விகிதம் 10,000-க்கு 1 ஆகிவிடும். ஆகவே, இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே பூச வசதி இருந்தால், பூச வேண்டியது துருப்பிடிக்காத உலோகத்துக்குத்தான். அந்தப் பூச்சில் கீறல் விழுந்தாலும், எலக்ட்ரான்களை வாங்கும் பரப்பு அந்தக் கீறலின் அளவே இருப்பதால் போல்ட்டுக்குப் பெரிய கேடில்லை. இரண்டுக்கும் பூசுவது மேலும் நல்லது. இதைச் சொன்னால், துருப்பிடிக்காத எஃகுக்கு எதற்குப் பெயின்ட் என்று சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சிறிய பாகத்தை எளிதில் அரிபடும் உலோகத்தில் எடுத்தல்

அகன்ற அலுமினியத் தகட்டில் துருப்பிடிக்காத எஃகு ரிவெட் பெரும்பாலும் தாங்கும். செம்புத் தகட்டில் அலுமினிய ரிவெட் தாங்காது.

வாஷரோடு நிறுத்திக்கொள்ளுதல்

போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷர் போட்டாயிற்று என்று நிம்மதி அடைபவர்கள், போல்ட்டின் தண்டு துளையின் சுவரைத் தொடுவதை மறந்துவிடுகிறார்கள். வாஷர் இருபுறமும் வேண்டும். துளைக்குள் மின்கடத்தாக் குழலும் வேண்டும். முறுக்கி முடித்த பின், ஈரம் படுவதற்கு முன்பே, மல்டிமீட்டரை வைத்துத் தொடர்பு அற்றிருக்கிறதா என்று பார்த்துவிடுவது என் வழக்கம்.

இந்தப் பிரிப்பின் பயன், வோல்டா 1800-இல் தம் மின்கலத்தை அறிவிப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்திருந்தது. பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செம்புத் தகட்டால் போர்த்தி இரும்பு ஆணிகளால் அடித்தது. பின்னர் சோதித்தபோது பல ஆணிகள் கரைந்துபோயிருந்தன; தகடுகள் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் ஆணிக்கும் செம்புக்கும் இடையே தற்செயலாகச் சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் நலமாக இருந்தன.

செம்புத்தூள் கிரீஸ்

அலுமினியத்தில் தடவ வேண்டாம். கிராஃபைட் கிரீஸும் வேண்டாம்.

கார்பன் இழையை உலோகமல்ல என்று விட்டுவிடுதல்

அது மின்சாரத்தைக் கடத்தும். எது எளிதில் அரிபடும், எது அரிபடாது என்று அடுக்கிக் காட்டும் அரிமான வரிசையில், செம்பையும் விட அரிபடாத பக்கத்தில் நிற்கும். அதில் அடித்த அலுமினிய ரிவெட் வெண்பொடியாக உதிர்வதால்தான் விமானங்களில் அத்தகைய இணைப்புகளுக்கு டைட்டானியத்தை நாடுகிறார்கள்.

தொடவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணுதல்

செம்புக் குழாயில் வழிந்த நீர் கீழே உள்ள அலுமினியத்தின்மேல் சொட்டினால், அந்நீரில் கரைந்து வரும் செம்பு அங்கே படிந்து, படிந்த இடமெல்லாம் குழி பறிக்கும். செம்பைக் கீழேயும் அலுமினியத்தை மேலேயும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.