ஒரே பெயர், பல அரியணைகள்: எந்த சார்லஸ் என்று கண்டறிவது எப்படி?

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு ஒரு காலக்கோட்டு அட்டவணை தயாரித்தபோது, ஸ்பெயினின் முதலாம் கார்லோஸையும் புனித உரோமைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸையும் இரு வேறு மனிதர்கள் என்று எண்ணி, இருவருக்கும் தனித்தனிக் கோடு இழுத்துத் தனித்தனி நிறமும் கொடுத்திருந்தேன். இரண்டு கோடுகளும் 1558-இல் முடிவதைக் கண்டு, ஒரே ஆண்டில் இரு பெரும் அரசர்கள் மறைந்த தற்செயலை வியந்து ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு எழுதி வைத்தேன். இருவரும் ஒருவரே என்று தெரிய எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அந்த வெட்கத்திலிருந்து பிறந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன். உரோம எண்களைப் படிப்பது போன்ற அடிப்படைகளுக்குள் நான் போகவில்லை.

படி 1: அரியணைக்கு ஒரு வரிசை

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் எதுவானாலும் சரி, ஒரு விரிதாளைத் திறந்து பெயர், எண், அரியணை, ஆட்சி ஆண்டுகள், ஆள் குறியீடு என ஐந்து நெடுவரிசைகளை அமையுங்கள். ஒரு மனிதர் நான்கு அரியணைகளில் இருந்தால் அவருக்கு நான்கு வரிசைகள் வரும். நான்கிலும் ஆள் குறியீடு மட்டும் ஒன்றாகவே இருக்கும். குறியீட்டுக்கு, விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கும் கியூ எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பெயர் எந்த மொழியில் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது.

எண்ணைப் பெயரோடு சேர்த்து எழுதாதீர்கள். தமிழில் 'ஐந்தாம்', 'முதலாம்' ஆகியவை பெயருக்கு முன்னால் நிற்பதால், அகரவரிசைப்படுத்தும்போது சார்லஸ்கள் எல்லாரும் 'ஐ', 'மு', 'மூ' என்று மூலைக்கொருவராகச் சிதறிப்போவார்கள்.

வம்சாவளி மென்பொருள்கள் இதற்குத் தேவையில்லை என்பது என் கருத்து. கிராம்ப்ஸ் எனும் இலவச மென்பொருளை நான் பயன்படுத்தியிருக்கிறேன். தந்தை, தாய், பிள்ளை உறவுகளை அது அழகாகக் காட்டும். ஆனால் நமது சிக்கல் உறவில் இல்லை, பட்டத்தில் இருக்கிறது.

படி 2: எண் யாருடையது என்று கேளுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானமாகச் செல்ல விரும்புகிறேன். அரசரின் பெயரோடு வரும் எண் அந்த மனிதருக்கு உரியதன்று. அவர் அமர்ந்த அரியணைக்கு உரியது. அந்த அரியணையில் அதே பெயருடன் அவருக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதன் தொடர்ச்சியே அது.

1500-இல் கெண்ட் நகரில் பிறந்த சார்லஸ், 1516-இல் ஸ்பெயினுக்கு அரசரானபோது அங்கே அதற்கு முன் அப்பெயரில் எவரும் ஆண்டதில்லை; ஆகவே அவர் முதலாம் கார்லோஸ். 1519-இல் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதோ, அந்தப் பட்டத்தில் சார்லமேனில் (அதாவது 'பெரிய சார்லஸ்') தொடங்கி, பிராகாவில் 1348-இல் பல்கலைக்கழகம் நிறுவிய நான்காம் சார்லஸ் வரை நால்வர் இருந்துவிட்டதால், அவர் ஐந்தாமவர் ஆனார். பர்கண்டிக் கோமகன் என்ற முறையில், 1477-இல் நான்சிப் போரில் மடிந்த 'துணிச்சல்காரர்' சார்லஸுக்கு அடுத்தவராக, இரண்டாமவர். ஆக, ஒரே ஆள் குறியீட்டின்கீழ் 1, 5, 2 என்று மூன்று எண்கள் வருகின்றன. அவருடைய மகனின் கதையும் இதுவே: ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் போர்ச்சுகலுக்கும் அரசரான பிறகு, அங்கே அவர் முதலாம் பிலிப்.

எதிர்த்திசையிலும் சோதிக்க வேண்டும். 'ஐந்தாம் சார்லஸ்' என்று மட்டும் ஒரு நூல் சொன்னால், அது 1364 முதல் 1380 வரை பிரான்சை ஆண்டவராகவும் இருக்கலாம்; 1833-இல் ஸ்பெயினின் அரியணைக்கு உரிமை கோரி உள்நாட்டுப் போருக்குக் காரணமான, ஒருபோதும் முடிசூடாத டான் கார்லோஸாகவும் இருக்கலாம். அவருடைய ஆதரவாளர்கள் அவரை ஐந்தாம் கார்லோஸ் என்றே அழைத்தார்கள்.

இரண்டு நாடுகள் ஒரே அரசரைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இந்த எண் அரசியலாகவும் மாறிவிடுகிறது. 1567 முதல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸாக இருந்தவர் 1603-இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸும் ஆனார்; அவருடைய பேரனை ஏழாவது என்பதா இரண்டாவது என்பதா என்பது எந்த நாட்டின் நூலைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் முதலாம் எலிசபெத் ஆண்டதே இல்லை என்பதால், 1953-இல் 'இரண்டாம் எலிசபெத்' என்ற முத்திரை தாங்கிய ஓர் அஞ்சல் பெட்டியை எடின்பரோவில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டு வரிசைகளில் எது பெரிய எண்ணோ அதையே இனிமேல் ஏற்பது என்ற யோசனையைச் சர்ச்சில் முன்வைத்தது அந்தச் சச்சரவின்போதுதான். இன்றைய மூன்றாம் சார்லஸுக்கு அப்படிப்பட்ட தொல்லை எழவில்லை. முதல் இரு சார்லஸ்களும் இரு நாடுகளுக்கும் பொதுவானவர்கள்.

படி 3: பெயரை அந்தந்த மண்ணின் வடிவில் எழுதுங்கள்

ஆங்கில நூல்கள் வழியாகத் தமிழுக்கு வரும் வரலாற்றில் கார்ல், கார்லோஸ், கார்லோ, காரோலி எல்லாரும் சார்லஸ் ஆகிவிடுகிறார்கள். அத்தோடு நாட்டைக் காட்டும் துப்பும் போய்விடுகிறது. வில்லியம், வில்ஹெல்ம், வில்லெம், கியோம் ஆகியவை ஒரே பெயர். லூயி, லுட்விக், லூயிஸ், லாயோஷ் ஆகியவையும் அப்படியே. ஜேம்ஸ் என்பதற்கு இலத்தீன் வடிவம் யாக்கோபுஸ் என்று அறிந்த பிறகுதான், அரியணையை இழந்த இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்களுக்கு 'ஜாக்கபைட்' என்ற பெயர் ஏன் வந்தது என்பது எனக்கு விளங்கியது.

பட்டப்பெயர்களை நம்பி இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். 'அழகன் பிலிப்' என்பவர் 1285 முதல் 1314 வரை பிரான்சை ஆண்ட நான்காம் பிலிப்பும் ஆவார். 1506-இல் இறந்த காஸ்டிலின் முதலாம் பிலிப்பும், அதாவது நம் கார்லோஸின் தந்தையும் ஆவார்.

படி 4: எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள்

ஸ்வீடனில் ஒன்பதாம் கார்ல் 1611 வரை ஆண்டார். அப்படியானால் அவருக்கு முன் எட்டுக் கார்ல்கள் இருந்திருக்க வேண்டும் என்று தேடிப் புறப்பட்டால் ஏமாற்றமே மிஞ்சும். கற்பனை அரசர்களை நிரப்பி எழுதப்பட்ட ஒரு பழைய வரலாற்றை நம்பி அவர் அந்த எண்ணைச் சூட்டிக்கொண்டார். இங்கிலாந்திலோ இதற்கு நேர்மாறு: 1066-இல் நார்மானியர் நாட்டைக் கைப்பற்றியதற்கு முந்தைய எட்வர்டுகளைக் கணக்கில் சேர்க்காததால், 1272-இல் அரசரானவர் முதலாம் எட்வர்ட் ஆனார். பிரான்சின் பதினேழாம் லூயி சிறையில் இறந்த சிறுவன். அவன் ஒரு நாளும் ஆளவில்லை என்றாலும் அடுத்து வந்தவர் அவனையும் எண்ணித் தம்மைப் பதினெட்டாம் லூயி என்றார். 1888-இல் 99 நாட்கள் மட்டுமே ஜெர்மன் பேரரசராக இருந்த மூன்றாம் பிரெடெரிக்கின் எண், பிரஷ்ய அரசர்களின் வரிசையில் வருவது. பழைய புனித உரோமைப் பேரரசில் ஏற்கெனவே ஒரு மூன்றாம் பிரெடெரிக் 1493 வரை இருந்திருக்கிறார்.

பிரபுக் குடும்பங்களில் இரண்டாம் படியின் விதியே உடைந்துவிடும் ஓர் இடமும் உண்டு. ஜெர்மனியின் ரொய்ஸ் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் எல்லாருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். ஆட்சிக்கு வந்தாலும் வராவிட்டாலும் பிறந்த வரிசைப்படி எண் உண்டு. மூத்த கிளையினர் நூறு வரை எண்ணிவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். இளைய கிளையினர் நூற்றாண்டு பிறக்கும்போது புதிதாகத் தொடங்குவார்கள். 1848-இல் பதவி துறந்த எழுபத்திரண்டாம் ஹைன்ரிக்குக்கு முன்னால் எழுபத்தொரு ஆட்சியாளர்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இவர்களுக்கு மட்டும் பிறந்த ஆண்டுக்கென ஆறாவது நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: மூன்று ஹென்றிகளை வைத்துச் சோதியுங்கள்

உங்கள் விரிதாள் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, பிரான்சில் 1580-களின் இறுதியில் நடந்த 'மூன்று ஹென்றிகளின் போர்' நல்ல பயிற்சி. ஒருவர் பிரான்சின் அரசர் மூன்றாம் ஹென்றி. மற்றவர் கத்தோலிக்க அணியின் தலைவரான கீஸ் கோமகன் ஹென்றி. இவர் 1588 டிசம்பரில் புளுவா கோட்டையில் கொல்லப்பட்டார். இன்னொருவர் நவார் நாட்டு அரசர் ஹென்றி, அவரும் அங்கே மூன்றாமவர்! 1589-இல் பிரான்சின் அரசர் கத்திக்குத்துக்குப் பலியானதும், நவாரின் மூன்றாம் ஹென்றியே பிரான்சின் நான்காம் ஹென்றி ஆனார். எண் நெடுவரிசையில் 3 என்று வடிகட்டினால் இரண்டு ஆட்களும், நவார்க்காரரின் ஆள் குறியீட்டால் வடிகட்டினால் இரண்டு அரியணைகளும் வர வேண்டும். வராவிட்டால் முதல் படிக்குத் திரும்புங்கள்.

பிற்சேர்க்கை

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வெளியிட்ட பழைய காசு ஒன்றில் கிரீடத்தின்கீழ் ஓர் எழுத்து மட்டும் தெரிகிறது, எண் தேய்ந்துவிட்டது, என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். டென்மார்க்கில் 1513 முதல் 1972 வரை கிறிஸ்டியன், பிரெடெரிக் என்று மாறி மாறியே அரசர்கள் வந்தார்கள். ஒரு கிறிஸ்டியனுக்குப் பின் வரும் பிரெடெரிக்கின் எண் எப்போதும் ஒன்று குறைவாக இருக்கும். 1620-இல் கோட்டை அமைந்தபோது ஆண்டவர் நான்காம் கிறிஸ்டியன், அடுத்தவர் மூன்றாம் பிரெடெரிக், பிறகு ஐந்தாம் கிறிஸ்டியன், நான்காம் பிரெடெரிக் (1706-இல் தரங்கம்பாடி வந்த மதபோதகர் சீகன்பால்குவை அனுப்பியவர் இவரே) என்று இது தொடர்ந்து, ஊர் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோது எட்டாம் கிறிஸ்டியனில் வந்து நின்றது. எழுத்து 'எஃப்' ஆக இருந்தால் 3, 4, 5, 6 ஆகிய நான்கு எண்களில் ஒன்றுதான் இருக்க முடியும். காசில் ஆண்டு தெரிந்தால் உடனே முடிவு செய்துவிடலாம். தெரியாவிட்டால் மறுபக்கத்து எழுத்துகளையும் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து, நாணயவியல் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும்.