உள்ளே எழுதிய செயற்கூறு வெளியே உள்ள மாறியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு செயற்கூற்றுக்குள் (function) இன்னொன்றை எழுதினால், உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் மாறிகளைத் தாராளமாக எடுத்தாளலாம். அல்கால் 60 என்ற பழைய நிரல்மொழியின் காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு. ஆனால் மாறி ஸ்டாக்கில், அதாவது அழைப்புகளின் தரவு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் நினைவகப் பகுதியில், எந்த முகவரியில் அமரும் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியவரும். அப்படியிருக்க, நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் அதற்கான கட்டளையை முன்கூட்டியே எப்படி எழுதிவைக்கிறது? ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்து பார்த்தால்தான் இது மனத்தில் நிற்கும்.

படி 1: ஒரு சிறு நிரல்

```
வெளி(ந):
    மாறி க = ந
    உள்(ம):
        ம > 0 எனில் உள்(ம - 1)
        இல்லையெனில் அச்சிடு க
    உள்(2)
```

வெளி(7) என்று அழைத்தால் 7 அச்சாக வேண்டும்.

படி 2: ஃபிரேம்களை வரையுங்கள்

ஒவ்வோர் அழைப்புக்கும் ஸ்டாக்கில் ஃபிரேம் என்ற ஒரு தனிப் பகுதி உருவாகும். திரும்பிச் செல்ல வேண்டிய முகவரி, அளபுருக்கள், உள்மாறிகள் எல்லாம் அதில் இருக்கும். அழைத்தவரின் ஃபிரேம் முகவரியும் இருக்கும். அதுதான் டைனமிக் லிங்க். ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதாகக் கொண்டு, முகவரிகளை இப்படி வைத்துக்கொள்வோம்: வெளி(7) 1000, உள்(2) 960, உள்(1) 920, உள்(0) 880.

கடைசி ஃபிரேமுக்குக் க வேண்டும். டைனமிக் லிங்க்கைப் பிடித்துப் போனால் 920 வரும்; அங்கே க இல்லை. 960-லும் இல்லை. இன்னும் எத்தனை ஃபிரேம் தாண்ட வேண்டும்? ம எந்த மதிப்பில் தொடங்கியது என்பதைப் பொறுத்தது. கம்பைலருக்கு அது தெரியாது.

படி 3: இன்னொரு சுட்டி

“என்னை அழைத்தது யார்?” என்பது ஒரு கேள்வி. “நான் யாருக்குள் எழுதப்பட்டிருக்கிறேன்?” என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டாவதற்கான விடையைச் சுட்டும் ஃபிரேம் முகவரிதான் ஸ்டேட்டிக் லிங்க்; இதையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் வைக்கிறோம்.

```
ஃபிரேம்    டைனமிக்    ஸ்டேட்டிக்
உள்(2)     1000       1000
உள்(1)      960       1000
உள்(0)      920       1000
```

வலப்பக்க வரிசையைப் பாருங்கள், மூன்றும் 1000. ஒரு செயற்கூறு எத்தனையாவது அடுக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நிலை என்போம்: வெளி நிலை 1, உள் நிலை 2. பயன்படுத்தும் நிலையிலிருந்து அறிவித்த நிலையைக் கழித்தால் 1. ஆகவே ஸ்டேட்டிக் லிங்க் வழியே ஒரே ஒரு தாவல். அழைப்பு மூன்று அடுக்கானாலும் மூவாயிரம் அடுக்கானாலும் இந்த எண் மாறாது. இந்த எண்ணையும், ஃபிரேமுக்குள் க இருக்கும் தொலைவையும் கம்பைலர் கட்டளையிலேயே பதித்துவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

படி 4: சுட்டியை நிரப்புவது யார்?

அழைப்பவர். வெளி, உள்ளை அழைக்கும்போது தன் ஃபிரேம் முகவரியைத் தரும். உள் தன்னையே அழைக்கும்போது தன்னிடமுள்ள ஸ்டேட்டிக் லிங்க்கை அப்படியே நகலெடுத்துத் தரும். இரண்டாவது இடத்திலும் சொந்த ஃபிரேம் முகவரியைத் தந்துவிடுவது எளிதில் நேரும் பிழை. உள்(0) என்று மட்டும் சோதித்தால் அது வெளியே தெரியாது; உள்(1) போட்டதும் 7-க்குப் பதிலாக ஏதோ ஒரு மதிப்பு அச்சாகும்.

ஒன்றுக்குள் ஒன்றாக எழுதிய அடுக்கு ஆழமானால் தாவல்களும் கூடும். அதைத் தவிர்க்க, நிலைவாரியாக ஃபிரேம் முகவரிகளை ஒரு பட்டியலில் வைப்பார்கள். அதற்கு டிஸ்ப்ளே என்று பெயர்.

படி 5: செயற்கூற்றையே மதிப்பாக அனுப்பினால்

நிரல் முகவரி மட்டும் போதாது. ஸ்டேட்டிக் லிங்க்கும் சேர்ந்து ஒரு ஜோடியாகப் போக வேண்டும். வெளி முடிந்த பிறகும் அந்த ஜோடி உயிரோடிருந்தால், 1000-இல் இருந்த ஃபிரேம் அதற்குள் அழிந்திருக்கும். செயற்கூற்றைத் திருப்பி அனுப்பவும் அனுமதிக்கும் மொழிகளில், இத்தகைய மாறிகளைக் கம்பைலர் ஸ்டாக்கிலிருந்து எடுத்து, அழைப்பு முடிந்தாலும் அழியாத நினைவகப் பகுதியான ஹீப்பில் வைக்கிறது.