அம்மம்மாவின் சுளகும் ‘வினோ’ என்ற வினையும்: நிகழ்காலத்தில் எழுதுவது எப்படி?

தங்கச்சியின் மகள் வீட்டு வேலைகள் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதத் தொடங்கி, ‘அம்மம்மா புடைக்கிறார்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அகராதி ‘வினோ’ என்றது. எழுத்து: டபிள்யூ, ஐ, இரண்டு என், ஓ, டபிள்யூ. அதை நிகழ்காலத்தில் சரியாக எழுத எங்கள் இருவருக்கும் ஒரு பின்னேரம் முழுக்கச் சென்றது. அந்த வழியைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் பொருள். நெல்லைக் காற்றில் தூற்றுவதும், சுளகில் புடைத்து உமி, பதர் போக்குவதும் வினோதான். காற்றைக் குறிக்கும் ‘விண்ட்’ இதன் வேர். யன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’வும் ‘காற்றின் கண்’ என்ற பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக நினைவில் வையுங்கள், வினோ மறக்காது. அரிதட்டில் மா அரிப்பது வேறு, அதற்கு ‘சிஃப்ட்’.

அடுத்து வழக்கமான செயல். ‘வி வினோ த றைஸ்’, ‘ஷி வினோஸ் த றைஸ்’. நான் பிழைவிட்டது இங்கேதான். காதுக்கு ‘ஓ’ என்று முடிகிறதே என்று, ‘கோ’ ‘கோஸ்’ ஆவதைப் போல இ, எஸ் இரண்டையும் சேர்த்தேன். அது பிழை. எழுத்தில் கடைசியாக நிற்பது டபிள்யூ; எஸ் மட்டும் போதும். ‘இங்’ சேர்க்கும்போதும் ‘சிட்டிங்’கில் டி இரட்டிப்பதைப் பார்த்து டபிள்யூவை இரட்டிக்காதீர்கள். ஆங்கிலத்தில் கடைசி டபிள்யூ ஒருபோதும் இரட்டிக்காது. கைபேசியின் தானியங்கித் திருத்தத்தை நம்பாமல் கொப்பியில் பென்சிலால் பத்துத் தரம் எழுதுங்கள். கை பழகினால்தான் இது நிற்கும்.

எழுத்தை விடக் கடினமானது எந்தக் காலத்தைப் போடுவது என்பது. தமிழில் ‘அம்மம்மா அரிசி புடைக்கிறார்’ என்றால் தினமும் புடைக்கிறார் என்றும் இருக்கலாம், இப்போது புடைக்கிறார் என்றும் இருக்கலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்தே கேட்கும். அதனால் மருமகளைக் கூட்டிக்கொண்டு குந்துக்குப் போனேன். அம்மம்மா சுளகை மேலே எற்றி ஏந்தும்போது உமி விளிம்பைத் தாண்டிப் பறந்தது. முற்றத்தில் விழுந்த குறுநொய்யைக் கோழி கொத்தியது. “சுளகு இப்ப கையில இருக்கோ?” என்று கேட்டேன். “ஓம்” என்றாள். அப்படியென்றால் ‘ஷி இஸ் வினோவிங்’. சுளகு சுவரில் தொங்கும்போதும் உண்மையாக இருப்பது ‘ஷி வினோஸ் எவ்ரி மோர்னிங்’.

சுளகை வைத்துவிட்டார், முன்னால் சுத்தமான அரிசி இருக்கிறது: ‘ஷி ஹாஸ் வினோட் த றைஸ்’. கண்ணெதிரே பலன் இருப்பதால் இதையும் நிகழ்கால வகையில் சேர்க்கிறார்கள். ‘யெஸ்டர்டே’ போட்டால் ‘ஹாஸ்’ போய்விடும்.

காலையில் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை: ‘ஷி ஹாஸ் பீன் வினோவிங் சின்ஸ் செவன் ஓ க்ளொக்’. தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’. இரண்டு மணித்தியாலமாக என்றால் ‘ஃபோர் டூ அவர்ஸ்’.

பின்சேர்க்கை: ‘க்ரோ’ ‘க்ரோன்’ ஆவதுபோல ‘வினோன்’ வராதா என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் முதலில் எழுதத் தவறிவிட்டேன். வராது. க்ரோ, நோ, த்ரோ எல்லாம் ஓரசைச் சொற்கள். வினோ ஈரசை; ஃபொலோ, பொரோ ஆகியவற்றின் கூட்டாளி. அவற்றைப் போலவே இ, டி சேர்த்தால் சரி.

இன்னொருவர், நெல் இல்லாத இடத்தில் இது வருமா என்று கேட்டார். வரும். நூறு விண்ணப்பங்களில் பத்தை மட்டும் தெரிந்தெடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தால், ‘தே ஆர் வினோவிங் டவுன் த லிஸ்ட்’.