பாக்ஸ் ஸ்கோரை எங்கிருந்து படிப்பது: லாஸ் வேகாஸ் ஏசஸ் ஆட்டங்களை வைத்து

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏவின் ஆட்டங்கள் நம் ஊரில் பெரும்பாலும் விடிகாலையில் நடக்கும். முழுசாகப் பார்க்க முடியாதவர்களுக்கு, ஆட்டத்தின் எண்களை வீராங்கனை வாரியாகவும் அணி வாரியாகவும் தரும் பட்டியலான பாக்ஸ் ஸ்கோர்தான் கதி. அதைத் திறந்ததும் கண் பாயிண்ட் கட்டத்துக்குத்தான் ஓடும். அதைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் பொசஷன் கணக்கு. பந்து ஒரு அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியிடம் போகும்வரை ஒரு பொசஷன். அணியின் மொத்த வரியில் இருந்தே இதைக் கணக்கிடலாம்: எடுத்த ஷாட்கள், கழித்தல் அஃபென்சிவ் ரீபவுண்ட் (தன் அணி தவறவிட்ட ஷாட்டைத் தானே பிடிப்பது), கூட்டல் டர்ன்ஓவர் (ஷாட் எடுக்காமலேயே பந்தை இழப்பது), கூட்டல் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடையின்றி எறியத் தரும் வாய்ப்பு) முயற்சிகளில் 0.44 பங்கு. ஓர் அணி 70 ஷாட், 9 அஃபென்சிவ் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்று முடித்திருந்தால், 70 - 9 + 12 + 8.8 = 81.8. பாயிண்ட் 90 என்றால், 100 பொசஷனுக்கு 110. நல்ல தாக்குதல்தான்.

0.44 ஏன், 0.5 ஏன் இல்லை? ஃப்ரீ த்ரோ எல்லாமே ஜோடியாக வருவதில்லை. கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோவும் டெக்னிக்கல் ஃபவுலுக்கானதும் தனிப் பொசஷனைச் செலவழிப்பதில்லை.

இரண்டு அணிக்கும் இதே கணக்கைப் போடுங்கள். பந்து மாறி மாறிப் போவதால் இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். ஏழெட்டு வித்தியாசம் வந்தால் எங்கோ எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அஃபென்சிவ் ரீபவுண்டுக்குப் பதில் மொத்த ரீபவுண்டைக் கழித்திருப்பீர்கள்.

அடுத்து ஒரு வீராங்கனையின் வரி. 2023 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டா டிரீமுக்கு எதிராக ஏசஸின் ஏஜா வில்சன் 53 பாயிண்ட் எடுத்தார். 23 ஷாட்டில் 16, அதில் ஒன்றுதான் மூன்று பாயிண்ட். 21 ஃப்ரீ த்ரோவில் 20. ஷாட் சதவீதத்தை மட்டும் பார்த்தால் 69.6. ஆனால் அன்றைய ஆட்டத்தின் சூட்சுமம் ஃப்ரீ த்ரோவில் இருந்தது. அதையும் சேர்க்க, பாயிண்டை (ஷாட் + 0.44 × ஃப்ரீ த்ரோ) × 2 என்பதால் வகுக்க வேண்டும். 53ஐ 64.48ஆல் வகுத்தால் 82 சதவீதம். இதற்குப் பெயர் ட்ரூ ஷூட்டிங். 60ஐத் தாண்டினாலே பிரமாதம் என்பார்கள்.

ரீபவுண்டில் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஷாட்களை நிறையத் தவறவிடும் அணிக்கு அஃபென்சிவ் ரீபவுண்ட் தானாகவே கூடும். அணியின் அஃபென்சிவ் ரீபவுண்டையும் எதிரணியின் டிஃபென்சிவ் ரீபவுண்டையும் (எதிரி தவறவிட்ட ஷாட்டைப் பிடிப்பது) கூட்டி, அந்தத் தொகையால் அஃபென்சிவ் ரீபவுண்டை வகுத்தால்தான் நிஜம் தெரியும்.

ஆண்களின் என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், டபிள்யூஎன்பிஏவில் 40தான். அங்கத்திய சராசரியோடு இங்கத்தியதை நேராக ஒப்பிட்டால் வில்சன்கூடச் சின்னதாகத் தெரிவார்.

சீசன் முழுக்கக் கூட்டிப் பார்க்கும்போது இன்னொரு பள்ளம் உண்டு. 2025 ஆகஸ்ட் 2 அன்று மினசோட்டா லிங்க்ஸிடம் ஏசஸ் 111-58 என்று தோற்றது. 44 ஆட்ட சீசனில் இந்த ஒரு தோல்வி மட்டுமே சராசரி பாயிண்ட் வித்தியாசத்தில் ஆட்டத்துக்கு 1.2 பாயிண்டைத் தின்றுவிடும். அதன்பின் லீக் சுற்றில் மீதமிருந்த 16 ஆட்டத்தையும் அதே ஏசஸ் வென்று, ஃபைனலில் ஃபீனிக்ஸ் மெர்குரியை 4-0 என்று சாய்த்தது. சராசரியோடு, வித்தியாசங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணையும் பாருங்கள். கடைசிப் 10, 15 ஆட்டத்தைத் தனியாகவும் எடுத்துப் பாருங்கள்.

ப்ளஸ்-மைனஸை (ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி எடுத்த பாயிண்டுக்கும் விட்ட பாயிண்டுக்கும் உள்ள வித்தியாசம்) ஒரே ஆட்டத்தில் வைத்து யாரையும் எடைபோட வேண்டாம். முதல் ஐந்து பேரோடு சேர்ந்து ஆறு நிமிடம் ஆடிய மாற்று வீராங்கனைக்கு +12 வரலாம், அவர் பந்தைத் தொடாமலேயே.