பிஎம்பி-1 கவசத்தை அறுத்துக் காட்டும் மாதிரி: மதுரையில் கிடைப்பதை வைத்தே செய்யும் முறை

பள்ளி, கல்லூரிக் கண்காட்சிகளில் வைக்கப்படும் கவச வண்டி மாதிரிகளில் பெரும்பாலானவை வெளித்தோற்றத்தோடு நின்றுவிடும். பச்சைப் பெயின்ட், ஒரு பீரங்கி, சுற்றிலும் கொஞ்சம் மணல். பார்க்க வருபவர் கேட்கும் முதல் கேள்வியோ வேறு: "குண்டு துளைக்குமா?" எந்தக் குண்டு, எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் கோணத்தில் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதைக் கண்ணால் காட்டத்தான் இந்த மாதிரி. வண்டியை நடுவில் அறுத்து, தகடுகளின் உண்மையான தடிமனையும் சாய்வையும் 1:10 அளவில் காட்டுகிறது.

காலாட்படையை ஏற்றிச் செல்லும் பிஎம்பி-1 கவச வண்டியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதன் தகடு அளவுகள் பல காலமாக அச்சில் இருப்பவை. 1966இல் சோவியத் படையில் சேர்ந்த இந்த வண்டியை இந்தியாவும் வாங்கியது. நம் படையில் இன்று ஓடும் 'சரத்' இதே குடும்பத்து பிஎம்பி-2. தெலங்கானாவின் மேடக்கில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது.

தேவையான அளவுகள் இவை. நீளம் 6,735 மி.மீ., அகலம் 2,940, மொத்த உயரம் சுமார் 2,070. முன்புற மேல்தகடு 7 மி.மீ., செங்குத்திலிருந்து 80 டிகிரி சாய்வு. முன்புறக் கீழ்த்தகடு 19 மி.மீ., 57 டிகிரி. பக்கவாட்டில் மேலே 16 மி.மீ., 14 டிகிரி. கீழே 18 மி.மீ., நேர் செங்குத்து. பின்புறம் 16 மி.மீ., 19 டிகிரி. பீரங்கி பொருத்திய கோபுரத்தின் (டரட்) முன்பகுதி 23 மி.மீ., 42 டிகிரி. கூரையும் அடித்தளமும் 6, 7 மி.மீ. அளவில்தான்.

அட்டையே தகடு

1:10இல் 7 மி.மீ. தகடு 0.7 மி.மீ. ஆகிவிடும். இந்தத் தடிமனில் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. ஐடி கார்டு அடிக்கும் கடைகளில் விற்கும் வெற்று பிவிசி அட்டை, ஏடிஎம் அட்டையைப் போலவே, 0.76 மி.மீ. தடிமன். கூரைக்கும் அடித்தளத்துக்கும் முன்புற மேல்தகட்டுக்கும் ஓர் அட்டை. 16 மி.மீ. தகட்டுக்கு இரண்டு அட்டைகளை ஒட்டினால் 1.52. 18 மி.மீ.க்கு இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டு. கோபுரத்துக்கு மூன்று அட்டை, 2.28. கீழ்த்தகட்டுக்கு மட்டும் 2 மி.மீ. அக்ரிலிக் துண்டு.

ஓர் அட்டை 85.6 × 54 மி.மீ. அறுத்த முகத்திலிருந்து 54 மி.மீ. ஆழம் வரை அட்டை இருந்தால் போதும். அதற்குப் பின்னால் 5 மி.மீ. சன்போர்டு வைத்து மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஏறத்தாழ நாற்பது அட்டைகள் வாங்கினால் சேதாரத்துக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். அட்டையின் வழவழப்பான முகத்தில் பசை பிடிக்காது. முதலில் 220ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். இரண்டடுக்கு வரும் இடங்களில் மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி வையுங்கள். ஓரடுக்கு இடத்தில் மூட்டுக்குப் பின்னால் பட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். அந்தப் பட்டை அறுத்த முகத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும். விளிம்போடு ஒட்டிவிட்டால் 7 மி.மீ. தகடு பார்ப்பவர் கண்ணுக்கு 15 மி.மீ. ஆகிவிடும், மாதிரி செய்த நோக்கமே அங்கே கெட்டுப்போகும்.

தெர்மாகோலைத் தொடாதீர்கள். ஃபெவிக்விக்கும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைக் கரைத்துவிடும். அக்ரிலிக்கில் ஃபெவிக்விக் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த ஒரு துண்டை மட்டும் அக்ரிலிக் கடையிலேயே குளோரோஃபார்ம் வைத்து ஒட்டித் தரச் சொல்வது நல்லது. ஹாட் க்ளூவை நம்ப வேண்டாம்: சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் அரை மணி நேரம் இருந்தாலே இளகும். சன்போர்டும் அந்தச் சூட்டில் வளையும்.

கோணத்தில் நடக்கும் தவறு

80 டிகிரி என்பதைப் பார்த்ததும் பாகைமானியைத் தரையில் வைத்து 80 டிகிரி வரைந்துவிடுவார்கள். அப்படி வரைந்தால் முன்புறம் வீட்டுச் சுவர் மாதிரி நிற்கும். கவசக் கணக்கில் சாய்வை அளப்பது செங்குத்திலிருந்து. 80 டிகிரி என்றால் தரையிலிருந்து வெறும் 10. ஏறத்தாழப் படுத்தே கிடக்கும். 57 என்றால் தரையிலிருந்து 33. வரைபடத்தில் ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு கோணத்தையும் எழுதிவைத்துவிட்டு அறுக்கத் தொடங்குங்கள்.

800 × 350 மி.மீ. பிளைவுட் பலகைமேல் வண்டியின் இடது பாதியை நிறுத்துங்கள். நீளம் 674, பாதி அகலம் 147. இதில் முன், மேல், கீழ், பின் தகடுகளின் விளிம்பு தெரியும். பக்கவாட்டுத் தகடு இந்த வெட்டில் தெரியாது. அதற்குக் குறுக்குவாட்டில் அறுத்த இன்னொரு துண்டு, 294 மி.மீ. அகலத்தில், தனியாக வேண்டும். இதைச் செய்யச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் வண்டியின் மிகப் பலவீனமான பக்கத்தை மறைத்த மாதிரிதான் மிஞ்சும்.

அறுத்த விளிம்புகளை எல்லாம் சிவப்பாகத் தீட்டுங்கள். மற்ற இடம் பச்சை.

சாய்வு என்ன செய்கிறது, என்ன செய்யாது

கிடைமட்டமாக வரும் குண்டு தகட்டுக்குள் கடக்க வேண்டிய தூரம் = தடிமன் ÷ செங்குத்திலிருந்து உள்ள கோணத்தின் கொசைன். 7 மி.மீ. மேல்தகட்டுக்கு 7 ÷ 0.174, அதாவது 40 மி.மீ. 19 மி.மீ. கீழ்த்தகட்டுக்கு 35. கோபுரத்துக்கு 31. பக்கத்து மேல்தகட்டுக்கு வெறும் 16.5. மாதிரியில் மேல்தகட்டின் விளிம்பின்மேல் கிடைமட்டமாக ஒரு கோடு வரைந்து, தகட்டுக்குள் அது ஓடும் 4 மி.மீ. நீளத்தைக் கறுப்பாக்குங்கள். மெல்லிய அட்டை 'தடித்துப் போவதை' எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும்.

இங்கே ஒரு தவறான பேச்சு எல்லாக் கண்காட்சியிலும் கேட்கும்: "சாய்த்தால் எடை மிச்சம்." மிச்சமில்லை. ஒரே உயரத்தை மறைக்கச் சாய்ந்த தகடு அதே விகிதத்தில் நீளமாக வேண்டும். மெலிந்ததும் நீண்டதும் சரிக்குச் சரி. லாபம் வேறு இடத்தில். சாய்வில் பட்ட துப்பாக்கிக் குண்டு வழுக்கித் தெறிக்கும், அல்லது அதன் முனை உடையும். நீண்ட கம்பி வடிவ டங்ஸ்டன் எறிகணைக்கு அந்தப் பயமும் குறைவு. அப்படிப்பட்ட கம்பிகள் செய்யும் ஆலை நமக்குப் பக்கத்தில் திருச்சியில்தான் இருக்கிறது, ஹெவி அலாய் பெனட்ரேட்டர் ப்ராஜெக்ட்.

குறுக்கு வெட்டுத் துண்டில் நூல் கட்டி இன்னொன்றையும் காட்டலாம். 18 மி.மீ. பக்கத் தகட்டுக்கு நேர் எதிரே நின்று சுட்டால் 18 மி.மீ.தான். முன்பக்கமாக ஒதுங்கி, அந்த நேர் எதிர்த்திசையிலிருந்து 60 டிகிரி விலகிச் சுட்டால் 36. வண்டி எதிரிக்கு முகத்தைக் காட்டியே நிற்க வேண்டும் என்பதன் கணக்கு இது.

அப்படியானால் பக்கத்தையும் தடிமனாக்கினால் என்ன? ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 மி.மீ. எஃகு 78.5 கிலோ. இரண்டு பக்கமும் சேர்த்து 12 சதுர மீட்டர் என்று வைத்து இன்னொரு 18 மி.மீ. சேர்த்தால் 1.7 டன் கூடும். சுமார் 13 டன் வண்டி இது. ஆற்றில் மிதந்து கடக்க வேண்டியது. மிதவைதான் கவசத்துக்கு வரம்பு கட்டியது.

எடையைக் கையில் உணர வைக்க, பழைய இரும்புக் கடையில் 15 × 15 செ.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டுத் துண்டுகள் மூன்று வாங்குங்கள்: 6 மி.மீ. (1.06 கிலோ), 16 மி.மீ. (2.83), 20 மி.மீ. (3.53). கேஸ் கட்டிங்கில் அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும். புதூர், கப்பலூர் பக்கம் ஏதாவது பட்டறையில் கொடுத்துக் கிரைண்டர் போட்டுவிடுங்கள். 'தடிமன் காட்ட மட்டும், இது கவச எஃகு அல்ல' என்று சீட்டு ஒட்டத் தவறாதீர்கள். கவச எஃகு கலவையாலும் சூட்டுப் பதத்தாலும் இதைவிடப் பல மடங்கு செலவுபிடித்துக் கடினமாக்கப்பட்டது. பக்கத்தில் 17.4 மி.மீ. மரக்கட்டைக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்தால், 6 மி.மீ. எஃகின் எடைக்குச் சமமான அலுமினியம் எவ்வளவு தடிமன் என்பதும் தெரியும். அமெரிக்க எம்113 வண்டி 1960இல் அலுமினியக் கவசத்தோடு வந்ததற்கு இந்தத் தடிமன் ஒரு காரணம்: தகடே விறைப்பாக நிற்பதால் உள்ளே சட்டங்கள் குறைவாகப் போதும்.

உள்ளே இருப்பவர்கள்

உட்கார்ந்த வீரனின் உயரம் இந்த அளவில் 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. விளாச்சேரியில் காகிதக்கூழ்ப் பொம்மையாகச் சொல்லிச் செய்தால் இலேசாக இருக்கும். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் கொலுப் பொம்மை வேலையில் அவர்களுக்கு நிமிர நேரமிருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதி வண்டிக்கு ஆறு பேர்: முன்னால் ஓட்டுநர், அவருக்குப் பின்னால் வண்டியின் தளபதி, பின்னறையில் நான்கு வீரர்கள். வீரர்கள் வெளிச்சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். முழு வண்டியில் எட்டுப் பேரும் முதுகுக்கு முதுகாக அமர, நடுவில் டீசல் தொட்டி. பின்கதவுகளின் உள்ளேயும் டீசல். தொட்டியை மஞ்சளாகத் தீட்டினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

தகட்டைத் துளைக்கும் குண்டைவிட, உட்புறத்திலிருந்து பெயர்ந்து பறக்கும் எஃகுச் சிதறல் அதிகம் பேரை அடிக்கும். குறுக்கு வெட்டின் ஒரு பக்கத்தில், துளையிலிருந்து எட்டுச் சிவப்பு நூல்களை விரிந்த கூம்பாக உள்ளே கட்டுங்கள். மறுபக்கத்தில் தகட்டின் உள்முகத்தில் ஃபெல்ட் துணி ஒட்டி, நூல்களை ஒடுங்கிய கூம்பாகக் கட்டுங்கள். பிற்கால வண்டிகளில் உள்ள அராமிட் (கெவ்லார் போன்ற உறுதியான இழை) உறை செய்வது இதைத்தான்: குண்டை நிறுத்தாது, சிதறலைக் குறுக்கும்.

ராக்கெட்டும் கம்பிக்கூண்டும்

தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி-7இன் பிஜி-7வி ராக்கெட் 260 மி.மீ. எஃகைத் துளைக்கும். மேலே போட்ட 40, 35, 18 கணக்குகள் எதுவும் அதற்கு முன் நிற்காது. ராக்கெட்டைத் தடுக்கத் தகட்டுக்கு வெளியே பொருத்தும் கம்பிக்கூண்டைக் காட்ட விரும்பினால், தனியாக இன்னொரு குறுக்குத் துண்டில் செய்யுங்கள். பிஎம்பி-1 அசலில் அது இல்லை. ராக்கெட்டின் விட்டம் 85 மி.மீ., மாதிரியில் 8.5. கம்பிகளுக்கு இடையே 6 மி.மீ. இடைவெளி, தகட்டிலிருந்து 40 மி.மீ. தள்ளி. ஈர்க்குச்சி ஒருபக்கம் தடித்து ஒருபக்கம் மெலிந்திருக்கும், இடைவெளி சீராக வராது. மூங்கில் ஊதுபத்திக் குச்சி பரவாயில்லை.

விளக்கும்போது "முன்கூட்டியே வெடிக்க வைக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். சற்றுத் தள்ளி வெடித்தாலும் ராக்கெட்டிலிருந்து பாயும் உலோகத் தாரை தகட்டைத் துளைத்துக்கொண்டுதான் போகும். ராக்கெட்டின் மூக்கு இரு கம்பிகளுக்கு நடுவே புகுந்து கூம்பு நசுங்கி, மின்னிணைப்பு கெட்டு, சரியாக வெடிக்காமல் போவதுதான் கூண்டின் வேலை. மூக்கு நேராகக் கம்பியிலேயே மோதினால் கூண்டு இருந்தும் இல்லாத கணக்கு.

கண்ணிவெடி

சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது என்று வெடி வைத்துக் காட்டப் போகாதீர்கள். தண்ணீர் போதும்: கீழிருந்து வரும் வெடிப்பைத் தலைகீழாக, மேலிருந்து விழும் நீர்த்தாரையாகக் காட்டலாம். சமையலறைத் தராசின்மேல் தாங்கி வைத்து, அதன்மேல் ஒரு தட்டைத் தகடு. குழாயிலிருந்து ஒரே சீரான நீர்த்தாரை நடுவில் விழட்டும். பிறகு அதே இடத்தில் 90 டிகிரிக்கு மடித்த தகரத்தை, மடிப்பு மேலே பார்க்க வையுங்கள். தாரை மடிப்பின் நடுவில் சரியாக விழுந்தால் தராசு காட்டும் விசை, கோட்பாட்டில், தட்டைத் தகட்டின் பத்தில் மூன்று பங்கு. தராசை பாலித்தீன் பையால் மூடுங்கள். நீர் வழிந்து தட்டில் தேங்கினால் எடை கூடிக் கணக்கு தப்பும். 0.3 என்ற எண்ணைக் கண்ணிவெடிக்குப் பொருத்த வேண்டாம், திசை திருப்பும் கருத்துக்கு மட்டும்தான் இது. கண்ணிவெடியைத் தாங்கவென்றே செய்யப்பட்ட தென்னாப்பிரிக்கக் காஸ்பிர் வண்டியின் அடிப்பாகம் 'வி' வடிவில் உயர்ந்து நிற்பதும், பிஎம்பி தட்டையாகத் தரையை ஒட்டி இருப்பதும் பக்கத்தில் படமாக இருக்கட்டும்.

சீட்டுகள்

பாதுகாப்பு நிலை என்று ஒரு அட்டவணை வைப்பதானால் கவச வண்டிகளுக்கான நேட்டோ அளவுகோலான ஸ்டானாக் 4569ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிலை, 30 மீட்டரிலிருந்து சாதாரணத் துப்பாக்கிக் குண்டு. இரண்டாவது, ஏகே வகையின் 7.62 × 39 கவசம் துளைக்கும் குண்டு. மூன்றாவது, அதைவிட வேகமான 7.62 கவசம் துளைக்கும் குண்டு; நான்காவது, 200 மீட்டரிலிருந்து 14.5 மி.மீ.; ஐந்தாவது, 500 மீட்டரிலிருந்து 25 மி.மீ. பீரங்கி. கண்ணிவெடிக்கு இரண்டு, மூன்று, நான்காம் நிலைகளில் 6, 8, 10 கிலோ வெடிமருந்து. பிஎம்பி-1 இந்த அளவுகோலுக்கு முந்தைய வண்டி; அதன் நெற்றியில் ஒரு நிலை எண்ணை ஒட்ட வேண்டாம். குண்டுக்கு ஒரு நிலையும் கண்ணிவெடிக்கு வேறொரு நிலையும் ஒரே வண்டிக்கு இருக்கலாம் என்பதையும் அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள்.

ஒவ்வொரு சீட்டிலும் வரிசை இதுவாக இருக்கட்டும்: தடிமன், செங்குத்திலிருந்து கோணம், கடக்கும் தூரம், பின்னால் இருப்பது யார் அல்லது எது. எழுத்து ஒரு செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் அச்சிட்டு, சன்போர்டில் ஒட்டி, மாதிரிக்கு முன்னால் சாய்த்து நிறுத்துங்கள். பலகைமேல் படுக்கவைத்தால் கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது.